பாதி மூடிய மைதானம்

ஆல்டர் கிரீக், நெப்ராஸ்கா
ஏப்ரல் 28, ஞாயிறு

அன்பு மகள் கொரீனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நலம். அறுவையில் வைத்த அப்பாவின் புது முழங்கால் மட்டும் இன்னும் இந்த வீட்டோடு ஒத்துப்போகவில்லை. நீ நலமா என்று கேட்டு எழுதினால் அலாஸ்காவிலிருந்து பதில் வர ஐந்து வாரம் ஆகிறது, ஆகவே நலமாகத்தான் இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். மீன் ஆலையில் இரட்டைக் கையுறை போடு என்று போன கடிதத்தில் சொன்னதற்கு நீ ஒன்றும் சொல்லவில்லை, அதனால் மறுபடி சொல்கிறேன், இரட்டைக் கையுறை போடு. மழை விடாததால் உன் சித்தப்பா இன்னும் சோளம் விதைக்கவில்லை, தினமும் காலையில் வந்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டே என் காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறார்.

உனக்கு சாஃப்ட்பால் பிடிக்காது. ஆறு வயதில் உன்னை ஆட விட்டபோது பந்தை விட்டுவிட்டு வெட்டுக்கிளி பிடிக்கப் போனவள் நீ. ஆனாலும் நேற்று நடந்ததை உனக்குத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் பேசும்போது, போதும்மா, அந்த மைதானத்தை விட்டுட்டு வீட்ல உக்காருங்க என்று சொன்னவளும் நீதான். நான் அதை மறக்கவில்லை. நம் ஊர்க் கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பால் ஆடும் அந்த மண்ணை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். யாரும் சொல்லித்தரவில்லை, நூலகத்தில் எடுத்த ஒரு பழைய புத்தகமும் என் இரண்டு கண்ணும்தான் எனக்குப் பள்ளிக்கூடம். பெண் பிள்ளைகள் என்னை மண்ணம்மா என்று கூப்பிடுகிறார்கள். கல்லூரியின் விளையாட்டு இயக்குநராகப் புதிதாக வந்திருக்கும் கிரெய்க் மட்டும் காகிதத்தில் உதவியாளர் என்று எழுதுகிறான். யாருக்கு உதவியாளர் என்று கேட்டேன், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான்.

இந்த வருடம் நம் அணி பிப்ரவரியில் தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றது. ஊரில் யாரும் அவர்களைப் பற்றிப் பேசுவதைக்கூட விட்டுவிட்டார்கள். பிறகு பிரிட்டா என்ற பெண்ணுக்குத் தோள் சரியானது, அவள்தான் பந்து வீசுகிறவள், நான்காம் ஆண்டு, படிப்பின் கடைசி வருடம், உயரமானவள், பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது. அவள் வந்ததும் மற்றவர்களுக்கும் உயிர் வந்தது, ஏப்ரல் முழுக்க ஜெயித்தார்கள். வட்டாரக் கல்லூரிகளின் கடைசிக் கட்டமான கான்ஃபரன்ஸ் போட்டிக்கு முதல் ஆறு அணிகள்தான் போகும். நாம் ஏழாவது. ஆறாவதாக இருந்தது கான்சாஸிலிருந்து வரும் ஓர் அணி, நம்மைவிட ஒரு மயிரிழை மேலே. மார்ச்சில் பனியால் நின்றுபோன ஓர் ஆட்டம் அவர்களோடு பாக்கி இருந்தது, அதை நேற்று சனிக்கிழமை நம் மைதானத்தில் வைத்தார்கள். ஜெயிப்பவர்கள் போகலாம். ஆட்டமே நடக்காவிட்டால் கான்சாஸ்காரர்கள் போவார்கள். மூன்று மணிக்குள் முதல் பந்து விழாவிட்டால் ரத்து என்பது விதி, பிரிட்டா அதன் பிறகு வாழ்நாளில் எந்த அணிக்கும் ஒரு பந்துகூட வீச மாட்டாள்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்று காலை கிரெய்க் என்னைக் கூப்பிட்டு, நீங்க சிரமப்பட வேணாம் அர்லிஸ், இனிமே மழைக்குத் தார்ப்பாய் போடறதை பேஸ்பால் பசங்க பாத்துப்பாங்க, உங்க வயசுக்கு அந்தப் பாய் ரொம்பக் கனம் என்றான். என் வயதை அவன் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்படியே ஆகட்டும் ராஜா என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பும்போது வானம் கருத்துக்கொண்டு வந்தது, மைதானத்து வேலி ஓரம் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். பேஸ்பால் பையன்கள் பந்து வீசும் இடத்தையும் மட்டை பிடிக்கும் இடத்தையும் மட்டும் அழகாக மூடி, ஓரத்தில் மணல்மூட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் மைதானத்தில் நடுவில் புல் இருக்கிறது, அந்த இரண்டு இடம்தான் மண், அங்கே அது போதும். இங்கே உள்பக்கம் முழுக்க வெறும் மண் என்பது அந்தப் புத்திசாலிகள் யாருக்கும் தோன்றவில்லை. பெரிய பாய் சுருட்டியபடியே கிடந்தது. நான் இறங்கிப் போய் எதிரே இருக்கும் மாணவியர் விடுதிக் கதவைத் தட்டியிருந்தால் பதினெட்டுப் பெண்களும் ஓடிவந்து பத்து நிமிடத்தில் விரித்திருப்பார்கள். நான் இறங்கவில்லை. அவர்கள் வேலை, அவர்கள் பாடு என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கூரைமேல் மழை அடிக்க ஆரம்பித்ததும் உன் அப்பா, என்னடி, சாப்பிடாம தட்டையே பாத்துட்டிருக்கே என்றார். உருளைக்கிழங்கில் உப்பு அதிகம் என்று சொன்னேன்.

நேற்று காலை ஐந்து மணிக்கு நான் அங்கே இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஓடுகிற பெண்கள் தொட்டுப் போகும் இரண்டாவது பேஸைச் சுற்றி வாத்து விடலாம், அவ்வளவு தண்ணீர். நீ சிரிக்காதே, உண்மையிலேயே இரண்டு வாத்து இருந்தன. தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளக் கூடாது கொரீன், தள்ளினால் மண்ணும் சேர்ந்து போய்ப் புல் ஓரத்தில் வரப்பு கட்டிவிடும், பிறகு உருண்டுவரும் பந்து அந்த வரப்பில் தட்டிப் பெண்ணின் பல்லைப் பெயர்க்கும். ஒவ்வொரு குட்டைக்குள்ளும் ஒரு குழி தோண்ட வேண்டும், தண்ணீர் தானாக அதில் இறங்கும், குவளையால் மொண்டு வாளியில் ஊற்றி வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், கடைசி ஈரத்துக்குப் பஞ்சு. ஏழு மணிக்குப் பெண்கள் வந்தார்கள். வழக்கமாக ஆளுக்கொரு கேலி பேசுகிற கூட்டம், நேற்று ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை, குவளையை எடுத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். கவலையில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குத் தண்ணீர் போய்விட்டது, சேறு இருந்தது. சேற்றுக்கு ஒரே மருந்து காற்று, தென்மேற்குக் காற்று நண்பகலில் வரும், அதுவரை ஒரு கால்கூட மண்ணில் படக் கூடாது என்றேன். பயிற்சியாளர் ரெனே நகத்தைக் கடித்துக்கொண்டு வேலி ஓரம் நடந்தாள். கான்சாஸ் அணி பதினொன்றுக்கு வந்து பேருந்தை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தது, அவர்கள் பயிற்சியாளர் மட்டும் கையில் காப்பியோடு வந்து, ஏன் பெரியம்மா உடம்பைக் கெடுத்துக்கறீங்க, நாங்க வேணா இப்படியே கிளம்பிடறோமே என்றார். போங்க, போறப்ப தோத்துட்டோம்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க என்றேன். பன்னிரண்டாயிற்று, காற்று வரவில்லை. பன்னிரண்டரை. அப்போதுதான் டுவேன் வந்தான், பந்து பிடிக்கும் பெண்ணின் அப்பா, கையில் இரண்டு பெட்ரோல் கேன். ஊற்றிப் பற்றவைத்தால் அரை மணியில் காய்ந்துவிடும், அவன் படித்த காலத்தில் அப்படித்தான் செய்வார்களாம். ரெனேயும் அவனைத் தடுக்காமல் என் முகத்தைப் பார்த்தாள், எனக்கு அதுதான் வலித்தது. நான் போய் சேற்றின் நடுவில் நின்றுகொண்டேன். என் விதியை நானே மீறி என் பூட்ஸோடு. மேலே ஓடு மாதிரி வேகும், கீழே சேறு அப்படியே இருக்கும், கல்லில் பட்ட மாதிரி பந்து எகிறும், உன் மகள் மூக்கு உடையும், பெட்ரோல் நாற்றம் மூன்று வருடம் போகாது, ஊற்றுவதானால் என்மேலும் சேர்த்து ஊற்று என்றேன். டுவேன், ஐயோ, இந்தக் கிழவி செஞ்சாலும் செய்வா என்று கேனைக் கீழே வைத்தான். எங்கள் வண்டியில் உட்கார்ந்திருந்த உன் அப்பா, முப்பத்தெட்டு வருஷமா நான் இதைத்தான் சொல்றேன் டுவேன் என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்று வராவிட்டால் அந்தப் பெண்ணின் கடைசி ஆட்டத்தை என் வீம்புதான் தின்றது என்று ஆகும், அது எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காற்று ஒன்றேகாலுக்கு வந்தது. முதலில் கொடிக்கம்பத்தின் கயிறு டணடண என்று அடித்தது, பிறகு என் தொப்பியே போயிற்று. இரண்டு மணிக்குத் தோட்டத்து முள்வாரியால் மண்ணைக் குத்தி விட்டோம், இரண்டரைக்கு ஈரத்தை உறிஞ்சும் சுட்ட களிமண் தூளைக் கையால் தூவினேன், பிறகு மண்ணைச் சமன்படுத்தும் ஆணிப் பலகையை நானே இழுத்தேன். நடுவர் வந்து குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்தார், இன்னொரு தடவை அழுத்தினார், ஆடலாம் என்றார். மணி இரண்டு ஐம்பத்திரண்டு. கான்சாஸ்காரர்கள் பேருந்திலிருந்து இறங்கினதைப் பார்க்க வேண்டுமே நீ, பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர்கள் மாதிரி இறங்கினார்கள்.

ஆட்டத்தை முழுக்க எழுதினால் நீ பக்கத்தைத் திருப்பிவிடுவாய், முடிவை மட்டும் சொல்கிறேன். ஏழாவது, கடைசி இன்னிங்ஸ். நாம் இரண்டு, அவர்கள் ஒன்று. அவர்களில் இருவர் அவுட், இன்னொருத்தி அவுட்டானால் முடிந்தது, ஆனால் இரண்டாவது பேஸிலும் மூன்றாவதிலும் அவர்கள் ஆள் நிற்கிறார்கள், ஒரு பந்து தாண்டிப் போனால் இரண்டு பேரும் ஓடிவந்துவிடுவார்கள். பிரிட்டா வீசினாள், அந்தப் பெண் ஓங்கி அடித்தாள், பந்து தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு காலையில் வாத்து நின்ற அதே இடத்துக்குப் போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று அப்பா உனக்குச் சொல்வார், நம்பாதே. பந்து ஒரே சீராகத் தத்தி அங்கே நின்ற நம் அணியின் சின்னப் பெண் ஒருத்தியின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது, அவள் முதல் பேஸுக்கு எறிந்தாள், அடித்தவள் அங்கே ஓடி வருமுன் பந்து போய்ச் சேர்ந்தது, மூன்றாவது அவுட், அவ்வளவுதான். நாம் ஆறாவது. ரெனே டுவேனைக் கட்டிக்கொண்டு அழுதாள். கிரெய்க் எல்லாரோடும் கை குலுக்கிக்கொண்டிருந்தான், என் கை சேறாக இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினான்.

படம் எடுக்க என்னையும் நடுவில் நிறுத்தினார்கள். நான் இந்தப் படத்தில் இருக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை பாய் விரிக்காததைப் பார்த்துவிட்டும் கோபத்தில் போய்விட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். இதை மன்னிப்பு என்று நீ எடுத்துக்கொள்ளாதே, நடந்ததைச் சொன்னேன். பிரிட்டா என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, தெரியும் மண்ணம்மா, விடுதி ஜன்னல்லேர்ந்து உங்க வண்டியைப் பாத்தேன், நீங்களே நின்னு பாத்துட்டுப் போறீங்க, அப்போ எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுத் தூங்கப் போயிட்டேன் என்றாள். கொரீன், இருபத்திரண்டு வருடத்தில் யாரும் என்னை இப்படி அடித்ததில்லை. அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு, காலையில் சேத்தைப் பாத்ததும் அதைக் கோச்கிட்ட சொன்னேன், அவங்க எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க, யாரும் மண்ணம்மாகிட்ட வாயைத் திறக்காதீங்கடி, மனசு உறுத்தறப்ப அவங்க பத்து ஆள் வேலை செய்வாங்க, கேலி பண்ணிக் கெடுத்துடாதீங்கன்னு என்றாள். ரெனே மைதானத்தின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலை முழுக்க அத்தனை பேரும் சேர்ந்து என்னை வேலை வாங்கியிருக்கிறார்கள். நான் கோபப்படத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது, அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்கள். பல் எல்லாம் தெரிகிறது.

இன்று காலை தேவாலயத்திலிருந்து வரும் வழியில் கிரெய்க் வீட்டுக்குப் போனேன். பாய் கனம்தான், அதனால் இனி நான் சொல்ல, பேஸ்பால் பையன்கள் நான்கு பேர் தூக்குவார்கள், எப்படி விரிப்பது என்று நானே கற்றுக்கொடுக்கிறேன், உதவியாளர் என்று இன்னொரு தடவை என்னைப் பற்றி எழுதினால் அந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்புவேன் என்றேன். அவன் மனைவி உள்ளேயிருந்து, சரின்னு சொல்லுங்க, சாப்பாடு ஆறுது என்றாள். சரி என்றான்.

வியாழக்கிழமை முதல் இடத்து அணியோடு ஆட்டம். அணிப் பேருந்தில் எனக்கும் ஓர் இடம் போட்டிருக்கிறார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது முடிவு பழசாகியிருக்கும். தோற்றிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்லி எழுதாதே, பொறுக்க மாட்டேன். ஜெயித்திருந்தால் நானே கூப்பிடுவேன், மணி எத்தனை என்று பார்க்க மாட்டேன், எடு.

கர்த்தர் உன்னை நோய் நொடியில்லாமல், கைவிரல் பத்தும் குறையாமல் காப்பாராக. அப்பாவின் முத்தம். கையுறையை மறக்காதே. வீட்டில் உட்காருங்கள் என்று நீ சொன்னதற்கு என் பதில் இதுதான்: முடியாது.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா,
அர்லிஸ்