ரொட்டி வரிசையில் அச்சகச் சட்டை

மரியாதைக்குரிய அப்பாவுக்கு ருதெண்டோ வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

நேற்று இங்கே ஹராரே நகரில் ஒரு சின்னக் கலாட்டா. பயப்படாதீர்கள். பண நோட்டு அச்சகச் சீருடையோடு ரொட்டி வரிசையில் நின்றிருந்தேன். கண்ணெதிரே கடைக்காரர் விலையை அழித்து, இரண்டு மடங்காக எழுதினார். பின்னால் நின்ற பெண் என் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"ராவும் பகலும் நோட்டு அடிக்கிறது நீங்கதானே!"

கூட்டம் சூழ்ந்துகொண்டது. நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"ஆமாக்கா. அரசாங்கத்துகிட்ட காசில்ல, அடிக்கச் சொல்லுது. நோட்டு பெருகுது, ரொட்டி பெருகலையே! விலை ஏறாம என்ன செய்யும்? எனக்கும் அதே நோட்டுலதான் சம்பளம்."

அவள் பிடி தளர்ந்தது. "அப்ப நீயும் பட்டினியா?"

அதற்குள் ரொட்டி தீர்ந்துவிட, கடைக் கதவை மூடிவிட்டார்கள். இருவரும் வெறுங்கையோடு திரும்பினோம்.

அப்பா, நான் அனுப்பும் பணத்தைச் சேர்த்து வைக்காதீர்கள். வந்தவுடன் உப்பும் சோளமும் வாங்கிவிடுங்கள். முடிந்தால் பேருந்தில் கொஞ்சம் சோளமாவு கொடுத்தனுப்புங்கள். கூடவே உங்கள் கையால் இரண்டு வரி.

வேலைக்கு மணி அடிக்கிறது. இன்று முதல், நோட்டில் இன்னும் மூன்று பூஜ்யம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் மகள்,
ருதெண்டோ