நாலு மாடிக்கு ஏறிய தண்ணீர்

14 செவ்வாய்
காலையிலிருந்து தூறல். திகன ஊரே ஈரம். உடுப்பு காயவில்லை.

ஞாயிறு விக்டோரியா டேமில் எங்கள் படகுக்குள் தண்ணீர் ஏறியது கண்ணிலேயே நிற்கிறது. படகின் அடியில் இருக்கும் மூடி கழன்றுவிட்டது. பழைய பம்ப் முனகியதோடு சரி. தின்னக் கொண்டுபோன வட்டிலப்ப இனிப்புச் சட்டியைக் காலி செய்து நான்தான் அள்ளிக் கொட்டினேன். நல்லவேளை, கரை பக்கத்தில். தொப்பலாக நனைந்து நின்ற இவர் கேட்ட முதல் கேள்வி: "வட்டிலப்பத்த வீசாம ஈக்க ஏலாதா?" இந்த மனுசனை என்ன செய்வது?

சொல்லிவிட்டேன். நம்பகமான பம்ப் கிடைத்தால் படகு இருக்கும். இல்லாவிட்டால், ரொம்ப நாளாகப் படகை விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் பல்லேகலக்காரருக்கு இந்த ஞாயிறே கொடுத்துவிட வேண்டியதுதான். பம்பைத் தெரிவு செய்வதும் நானே. இவர் முகம் வாடிவிட்டது. பாவம், அந்தப் படகைப் பெற்ற பிள்ளை மாதிரித் தடவுகிறவர்.

15 புதன்
வெயில். கண்டிக்குப் போனேன். பஸ்ஸில் நின்றபடியே.

கடைக்காரத் தம்பி: "எவ்வளவு ஒசரத்துக்குங்க ஏத்தணும்?"
வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு ஏற்றியே பழகிய வாய் எனக்கு. "நல்ல உயரத்துக்கு."
"அப்ப இதுதாங்க. நாலு மாடிக்கு அடிக்கும். பேட்டரியிலயும் ஓடும்."

பெருமையோடு வாங்கி வந்தேன். கறுப்பு நூல் வாங்க மறந்தாச்சு.

16 வியாழன்
முற்றத்தில் சோதனை. பீப்பாய் நிறையத் தண்ணீர். பம்பைப் போட்டதும் பென்சில் பருமனில் ஒரு தாரை, கூரையைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த உடுப்பில் விழுந்தது. பீப்பாயில் ஒன்றும் குறையவில்லை.

இவர் சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "புள்ள, நம்மட படகுக்கு எத்தன மாடி?"

படகு என்று கடையில் சொல்லவே இல்லை நான்! மலையில் இருக்கிறவளுக்கு பம்ப் என்றால் மேலே ஏற்றுவது. படகில் தண்ணீர் ஏற வேண்டியது மூன்றடிதான். ஆனால் நிறைய, வேகமாக. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு ராத்தா: "இப்பதான் காஞ்சி ஈந்திச்சு."

17 வெள்ளி
ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு இருவருமாகக் கண்டிக்கு. பம்பைத் துடைத்து, பெட்டியில் போட்டு. கடைக்குள் கால் வைத்ததுமே "படகுக்கு" என்றேன். தம்பி தலையில் கை வைத்தான். "அத மொதல்லயே சொல்லக் கூடாதாங்க?"

உள்ளே தேடி வேறொன்று கொண்டுவந்து மாற்றித் தந்தான். குட்டை, வாய் அகலம். தண்ணீர் ஏறினால் தானாக ஓடும் சுவிட்ச். பேட்டரியை உயரத்தில் வைக்கச் சொன்னான். பேட்டரி செத்தால்? கையால் அடிக்கிற பம்ப் ஒன்றும் வாங்கவைத்தேன்.

"இத யாரு அடிக்கிற?" என்றார் இவர்.
"நீங்கதான்."

19 ஞாயிறு
வானம் மப்பு, மழை இல்லை. பல்லேகலக்காரர் நேரத்தோடு வந்து கரையில் நின்றார். முழங்கால் ஆழத்தில் படகு. இவர் வேண்டுமென்றே அடிமூடியைக் கழற்றினார். தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே. படகு போய்விடுமோ என்று அப்போதுதான் பயமாக இருந்தது.

பம்ப் தானாக ஓடத் தொடங்கியது. கை பருமனில் தண்ணீர் வெளியே. மூடியைப் போட்டதும் மளமளவென்று வடிந்தது. கைப்பம்பையும் இவரை அடிக்கவைத்துப் பார்த்தேன். நல்லா அடிக்கிறார்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.
"அப்ப விக்கிறல்லயா?" என்றார் பல்லேகலக்காரர்.
"நீங்களும் ஏறுங்க, ஒரு சுத்து போவோம்."

நடு டேம். காற்று. அப்படியொரு சந்தோஷம், அல்ஹம்துலில்லாஹ். இவர் மெதுவாக என் முகத்தைப் பார்த்தார். "போதுமா? கரைக்குத் திருப்பவா?"

"ஏன், பெட்ரோல் முடிஞ்சிட்டா?"