வள்ளி பால் கொடுத்தாளா

நங்கை,

சின்னவனுக்குப் போர்த்தப் பழைய துணி வேண்டுமென்று பரண் மேலிருந்த பையை இன்று இறக்கச் சொன்னேன். பெரியவளுடைய கைக்குழந்தைத் துணிகள். அதற்குள் அந்த மஞ்சள் துண்டு இருந்தது. எத்தனை முறை துவைத்தும் போகாத வெள்ளை ரோமம் இன்னும் அதன் நூலுக்குள் சிக்கியிருக்கிறது. முகத்தில் வைத்துப் பார்த்தேன். லேசாகச் சாம்பிராணி வாசம் வந்தது, அல்லது வந்ததாக எனக்குத் தோன்றியது. அடுத்த நொடி பெரிதாக ஒரு தும்மல். நீங்கள் இருந்திருந்தால், "பச்ச ஒடம்புக்காரி துண்டை மோந்துட்டு நிக்கறா பாரு" என்று சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. துக்கம் கேட்க வந்த ஒறம்பரைக்கெல்லாம் காபி கொடுத்து, "அத்தை எப்ப வருவாங்க?" என்று கேட்ட பெரியவளுக்கு ஏதேதோ பதில் சொல்லி, அப்புறம் சேலத்துக்கு வீடு மாறி, இவனும் வயிற்றில் வந்து, உங்களோடு தனியாகப் பேச நேரமே அமையவில்லை. தாமதமாகிவிட்டது. இருந்தாலும் பேசுகிறேன்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு ஜேடர்பாளையம் பக்கத்தில் அந்த வீட்டுக்கு நான் வந்தபோது, மாமியார் இல்லாத வீடு என்று என் அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதி. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட நாத்தனார் இருக்கிறாள் என்று கொஞ்சம் பயம். வந்த அன்று சாயங்காலமே அந்தப் பயம் எனக்குப் போய்விட்டது. லாரி புக்கிங் ஆபீசில் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தீர்கள். "தார்ப்பாயைக் கட்டாம ஏனுங்க வண்டியை எடுத்தீங்க? மழை உங்ககிட்டக் கேட்டுட்டா வரும்?" போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, அதே மூச்சில், "சாப்டியா சாமி?" என்றீர்கள்.

பெரியவள் பிறந்து, அம்மா வீட்டில் இருந்துவிட்டு, கைக்குழந்தையோடு திரும்பி வந்தேன். உங்கள் தம்பி போர்வெல் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். வீட்டில் நீங்கள், நான், பாப்பா, அப்புறம் அந்த இரண்டு முயல்கள். முட்டை லோடு ஏற்றிப் போகும் டிரைவர் ஒருவர், பாப்பாவுக்கு வேடிக்கை காட்ட என்று உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவை. "ரெண்டுமே பொட்டைங்க, நம்பி வளத்துங்க" என்று அடித்துச் சொல்லியிருந்தார். நீங்கள் வள்ளி, தெய்வானை என்று பெயர் வைத்தீர்கள்.

அந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு கவலைதான். தடுப்பூசி போடப் போன இடத்தில் பாப்பாவுக்கு எடை பத்தாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் அழுதாலும் பயம், அழாமல் தூங்கினாலும் பயம். முருங்கைக்கீரை, பூண்டு, சுறாப்புட்டு, சொன்னதையெல்லாம் சாப்பிட்டேன். பால் கொடுத்து முடித்தபின் உள்ளே ஏதாவது போயிருக்குமா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, "பால் பத்தலையாட்டருக்குது. பெரியவங்க ஆராச்சும் கூட இருந்தா சொல்லுவாங்க. புள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும்?" என்றார். நீங்கள் அடுப்படியில்தான் இருந்தீர்கள். வெளியே வந்து, "ஆமாங்க பெரியம்மா, எனக்குத் தெரியாதுங்க. காபிக்குச் சக்கரை எத்தனைன்னு மட்டுஞ் சொல்லுங்க" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அன்று முழுவதும் பாப்பாவைத் தூக்கவும் இல்லை.

வள்ளி தன் வயிற்று ரோமத்தைத் தானே வாயால் பிடுங்க ஆரம்பித்தபோது சொறி பிடித்துவிட்டது என்று நினைத்தோம். நீங்கள் வேப்பெண்ணெய் வாங்கிவந்தீர்கள். தடவுவதற்குள் மறுநாள் விடிந்துவிட்டது. கூண்டு மூலையில் இருந்த மரப்பெட்டிக்குள் வெள்ளைப் பஞ்சு மாதிரி அந்த ரோமம் குவிந்திருந்தது. குவியல் மூச்சு விட்டது. விலக்கிப் பார்த்தால், கண் திறக்காத, மயிர் முளைக்காத, கட்டைவிரல் தடிமனில் ஐந்து குட்டிகள்.

"அடக் கெரகமே, தெய்வானை ஆம்பளையா!" என்றீர்கள். உடனே டிரைவரைப் போனில் பிடித்தீர்கள். "ஏனுங்க, லோடு மாத்தி எறக்கறது பத்தாதுன்னு இதையும் மாத்திப் போட்டீங்களா?" தெய்வானையை வேறு கூண்டுக்கு மாற்றினோம். பெயரை மாற்றவில்லை. "கூப்பிட்டுப் பழகிப்போச்சு. அவனே ஒண்ணுஞ் சொல்லலை, உனக்கென்ன அம்மிணி?" என்றீர்கள். வள்ளியின் பெட்டிக்கு மேல் சாக்கைப் போர்த்தி, லாரிக்காரர்கள் தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சைப் போட்டு இறுக்கினீர்கள். "பிரசவ ஊடு. ஆரும் எட்டிப் பாக்கப்படாது."

ஆனால் நான் எட்டிப் பார்த்தேன், நாள் முழுவதும். வள்ளி பெட்டி பக்கமே போகவில்லை. வேலிமசால் தழையைத் தின்றாள், காதைச் சொறிந்தாள், கூண்டின் மறுகோடியில் கால் நீட்டிப் படுத்தாள். பெற்றவள் இப்படி இருப்பாளா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பால் குடுக்கவே மாட்டேங்கறா நங்கை. அஞ்சும் செத்துப்போயிருமாட்டருக்குது" என்று ஆபீசுக்குப் போன் செய்தேன். அங்கிருந்தே நீங்கள் கத்தினீர்கள். "அவளை எதுக்குடி வையறே? ஒரு தாய்க்காரியை இன்னொரு தாய்க்காரி நம்ப வேண்டாமா?"

செல்போனில் தேடிப் படித்தேன். முயல் நாளுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ, விடியும் முன்னும் இருட்டும் நேரத்திலும், சில நிமிடம்தான் பால் கொடுக்குமாம். மற்ற நேரம் ஒதுங்கியே இருக்குமாம். கூடவே இருந்தால் அதன் வாசத்தைப் பிடித்து நரி குட்டிகளைக் கண்டுபிடித்துவிடும். சாயங்காலம் நீங்கள் வந்ததும் படித்துக் காட்டினேன். நீங்கள் வெகுநேரம் வள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அப்ப தள்ளி இருக்கறதும் ஒரு காவல்தான்" என்றீர்கள். பிறகு மெதுவாகச் சாக்கைத் தூக்கி ஒரு குட்டியை உள்ளங்கையில் எடுத்துக் காட்டினீர்கள். கண்ணாடிக் காகிதம் போன்ற வயிற்றுத் தோலுக்கு அடியில் பால் வெள்ளையாகத் தெரிந்தது. வயிறு உருண்டையாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் நீங்கள் ஆபீசுக்குப் புறப்படும் முன் எனக்குச் செய்தி சொல்வீர்கள்: "அஞ்சு டாங்கியும் ஃபுல்லு."

வெள்ளிக்கிழமை வந்தது. பாப்பாவை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினோம். நீங்கள் தூபக்காலில் சாம்பிராணி போட்டு அவளுக்குப் புகை காட்டினீர்கள். என் தலைமுடியை விரித்து அதற்கும் பிடித்தீர்கள். புகை இன்னும் நிறைய வந்துகொண்டிருந்தது. "அவளும் புள்ளை பெத்தவதானே. அவளுக்கு மட்டும் ஆரு போடுவா?" என்று தூபக்காலை வள்ளியின் பெட்டிக்குக் கொண்டுபோனீர்கள். சாக்கைத் தூக்கி உள்ளே நன்றாகப் புகை பிடித்தீர்கள், பாப்பாவுக்குச் செய்த அதே பக்குவத்தோடு. வள்ளி பின்காலால் தரையைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். நாம் அதைச் சந்தோஷம் என்று நினைத்தோம்; பயந்தால்தான் முயல் அப்படித் தட்டுமாம்.

மறுநாள் காலையில் உங்கள் குரல் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். சாம்பிராணி நெடி இன்னும் அடித்தது. வள்ளி மூலையில் ஒடுங்கிக்கொண்டு பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது. மற்ற நான்கும் தோல் சுருங்கி, வயிறு ஒட்டி, தொட்டால் சில்லென்று இருந்தன.

"நாந்தான் கெடுத்துப்போட்டேன்" என்றீர்கள். "பெரியம்மா சொன்னது சரிதான் சாமி. புள்ளை பெறாத கையி. எதையும் தொடப்படாது."

அப்படி ஒரு குரலில் நீங்கள் பேசி நான் கேட்டதில்லை. பாப்பாவின் மஞ்சள் துண்டை எடுத்துவந்தேன். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி, குட்டிகளை அந்த வெள்ளை ரோமத்தோடு அள்ளி அதன்மேல் அணைத்து வைத்துத் துண்டால் மூடினேன். செல்போனில் ஒரு வீடியோ கிடைத்தது. ஓர் இந்திக்காரப் பெண், தாய் முயலை மடியில் பிடித்துக்கொண்டு குட்டிகளைப் பால் குடிக்க வைத்தாள். டிரைவர்களிடம் கற்ற உங்கள் இந்தியில் அதைக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பயப்படாம இறுக்காமப் புடிக்கோணுமாம். அது பழகின ஆளாத்தான் இருக்கோணுமாம்" என்றீர்கள்.

"அப்ப நீங்க புடிங்க."

"நாந் தொடமாட்டேன்."

"வள்ளி எங்கிட்ட வரமாட்டா நங்கை. நீங்க புடிக்கலைன்னா மிச்சமும் போயிரும்."

உள்ளே தொட்டிலில் பாப்பா சிணுங்க ஆரம்பித்திருந்தாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், துண்டைப் பார்த்தீர்கள். கடைசியில் எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டு மூன்று நான்கு தடவை கழுவினீர்கள். சாம்பிராணி போக மட்டுமா கழுவினீர்கள் என்று எனக்கு இப்போதும் தெரியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "வாங்க அம்மிணி" என்று வள்ளியைக் கூப்பிட்டு மடியில் ஏந்தினீர்கள். அவள் உங்கள் முழங்கை மடிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் ஒவ்வொரு குட்டியாக அவள் வயிற்றில் வைத்தேன். முதல் குட்டி தலையை அப்படியும் இப்படியும் ஆட்டித் தேடியது. பிடித்துக்கொண்டது. இரண்டாவதும் பிடித்தது. உங்கள் உதடு மட்டும் அசைந்தது, "குடி சாமி, குடி சாமி" என்று. குட்டிகளின் ஒட்டிய வயிற்றில் வெள்ளையாக ஒரு கீற்று தெரிய ஆரம்பித்தது.

அப்போதுதான் என் மார்பு இறுகிச் சுரீரென்றது. குனிந்து பார்ப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: "அம்மிணி, உன்ற ரவிக்கையைப் பாரு." இரண்டு பக்கமும் நனைந்து சேலைவரை இறங்கியிருந்தது. பாப்பா கேட்டு அழுதபோதெல்லாம் வருமா வராதா என்று என்னைப் பயமுறுத்திய பால். "போய்ப் புள்ளையைத் தூக்கு. இவுங்களை நான் பாத்துக்கறேன்."

நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கேயே, உங்களுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தேன். குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

இறந்த குட்டியைக் கொல்லையில் புதைத்தீர்கள். பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, புது வைக்கோல் போட்டோம். வள்ளி மறுபடியும் ரோமம் பிடுங்கி அதில் பரப்பினாள். அதுவரை காலையும் மாலையும் உங்கள் மடியில்தான் பால். நான்கும் பிழைத்துக் கண் திறந்தன, கூண்டைத் தாண்டிக் குதித்து உங்கள் ஆபீஸ் சேலையைக் கடித்தன. பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்க்க வந்து, "உன்ற கையி ராசியான கைதான் போ" என்றார். நீங்கள் அதற்கும் சிரிக்கவில்லை. "ஒண்ணு எடுத்துட்டுப் போங்க பெரியம்மா. ஆனா தெனமும் பேர் சொல்லிக் கூப்பிடோணும்" என்று ஒரு குட்டியை அவர் மடியில் வைத்தீர்கள். அடுத்த முறை எடை போட்டபோது பாப்பாவுக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது. என் பயம் முழுவதும் போகவில்லை. அது போகிற ஜாதி இல்லை. ஆனால் அதோடு உட்கார்ந்து பால் கொடுக்க முடிந்தது.

போன வருடம் காய்ச்சல் என்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையில் என்னிடம் கடைசியாகத் தெளிவாகப் பேசியது, "வள்ளிக்கு மசால் போட்டயா?" என்பதுதான். போட்டேன் நங்கை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இந்த மாடி வீட்டு பால்கனியில் இப்போது கிழவியாகப் படுத்திருக்கிறாள். எல்.கே.ஜி. போகும் பெரியவள் அவளுக்குத் தன் டிபன் பாக்ஸிலிருந்து கேரட் கொண்டுவந்து கொடுக்கிறாள்.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. கையை இழுத்துக்கொள்கிறவர்களை எந்தக் கூட்டத்திலும் என் கண் கண்டுபிடித்துவிடுகிறது. சின்னவன் பிறந்த அன்றும் அப்படித்தான். குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு யார் சேனை வைப்பது என்று கட்டிலைச் சுற்றிப் பேச்சு நடந்தது. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வருமென்று ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொன்னார்கள். சீனித்தண்ணீர் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டதால், என் பாலிலேயே ஒரு துளி தொட்டு வைப்பதாக முடிவானது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, கதவோரம் நின்றிருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. வந்ததிலிருந்து குழந்தையைத் தூக்கவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டிருந்தார்.

"சின்னம்மா, நீங்க வெய்யுங்க" என்றேன்.

கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கதவோரம் திரும்பினார்கள். "நானா? வேண்டாஞ் சாமி, உங்கம்மா வெக்கட்டும்."

"நீங்கதான் வெக்கோணும்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்க்கட்டும் என்று இருந்தேன். சின்னம்மா போய்க் கை கழுவினார், நீங்கள் கழுவிய மாதிரியே, திரும்பத் திரும்ப. சுண்டுவிரல் நுனியில் அந்தத் துளியை ஏந்தி வந்து அவன் உதட்டில் வைத்தார். அவன் அதை அப்படியே வாய்க்குள் இழுத்துக்கொண்டான். துளி எப்போதோ தீர்ந்துவிட்டது, அவன் விடவில்லை. சின்னம்மாவும் விரலை எடுக்கவில்லை.