பேய்க்கு இன்னா வேணும், மச்சான்?

பாதிப் படத்தில் எழுந்து போய்விட்ட என் அருமை மச்சான் குமரேசனுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். எனக்குச் செம கோபம். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்த பேய்ப்படத்தின் மேல், அதை எடுத்தவன் மேல், உன் மைத்துனன் தினேஷ் மேல், எல்லாருக்கும் மேலாக உன் மேல். கூட உட்கார்ந்து திட்ட ஆளில்லாமல் ஒரு வருஷமாக உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். படிக்கட்டுமே, எனக்கென்ன.

முதலில் படம். பழைய பங்களா, ஐந்து நண்பர்கள், அதில் ஒருத்தன் காமெடி. பாப்கார்னில் கை வைப்பதற்குள் பேய் முகத்தைக் காட்டிவிட்டது, முகம் முழுக்க மைதா மாவு. அப்புறம் காதைக் கிழிக்கிற டமார் சத்தம்தான். பூனை குதித்தால் டமார், கதவு திறந்தால் டமார், ஹீரோயின் பல் தேய்த்துவிட்டு நிமிர்ந்தால் டமார். பின்னால் நின்று பலூனை உடைத்தால் எவனும்தான் துள்ளுவான், அதற்குப் பெயர் பயமா? "பயம்னா ஊட்டுக்குப் போயி பாத்ரூம் லைட்டைப் போட்டுக்கினு தூங்கணும் மச்சான்" என்பாய். நான் அன்றைக்கு நிம்மதியாகக் குறட்டை விட்டேன்.

இரண்டாம் பாதியில் அதே பழைய பிளாஷ்பேக். நாலு ரவுடிகள் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டார்கள், அவள் பேயாக வந்து பழி வாங்குகிறாள். எத்தனை படம்தான் இப்படி எடுப்பார்கள்? எனக்கு வயிறு எரிகிறது. உயிரோடு இருக்கும்போது புகார் கொடுக்க வந்தவளை உட்காரக்கூடச் சொல்லாத ஊர், செத்து வெள்ளைப் புடவையில் வந்தால்தான் அவளுக்கு நியாயம் கொடுக்குமா? இதற்குத் தியேட்டரில் கைதட்டல் வேறு.

விஞ்ஞானப் படங்கள் இதைவிட மோசம். நீ போன பிறகு ஒரு கால இயந்திரப் படம் வந்தது. காலத்தையே பின்னால் திருப்பிய அந்த மகானுபாவன் போய் என்ன செய்தான் தெரியுமா? காலேஜில் சொல்லாமல் விட்ட காதலைச் சொல்லிவிட்டு, கடற்கரையில் ஒரு பாட்டுப் பாடிவிட்டு வந்தான். அதை என்னிடம் கொடுத்திருந்தால் நீ போன அந்தத் திங்கட்கிழமைக்குப் போய், ஆவடி செக்போஸ்டிலேயே உன் பைக் சாவியைப் பிடுங்கியிருப்பேன். நெஞ்சு வலியோடு எவனாவது வண்டியை ஓட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போவானா? அறிவு வேண்டாமாடா உனக்கு?

நம்மைத் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். பேய், ரோபோ, வேற்றுக்கிரகவாசி என்று எது திரைக்கு வந்தாலும் விட்டதில்லை. எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. இன்டர்வெல் விட்டதும் சமோசா கவுன்ட்டரில் நின்று குமரேசன் கேட்பான்: "பேய்க்கு இன்னா வேணும்?" ஒரே வரியில் பதில் சொல்ல வேண்டும். பழி, பசி, குழந்தை, வீடு, எதுவாகவும் இருக்கலாம். பதில் இல்லையென்றால் அந்தப் படத்துக்கு மறுபாதி கிடையாது, சமோசாவோடு கிளம்பிவிடுவோம். "இன்னா வேணும்னே தெரியாத பேய் இன்னாடா பேய்? அது வெறும் மேக்கப்" என்பான்.

இப்போது உன் மைத்துனன் கதைக்கு வருகிறேன்.

உன் முதல் வருஷத் திதிக்கு வந்திருந்தேன். படையல் போட்டு முடிந்ததும் தினேஷ் ஒரு போனை உன் படத்துக்கு முன்னால் வைத்தான். அதிலிருந்து நீ பேசினாய். கம்ப்யூட்டரில் உன் குரலை ஏற்றி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற மாதிரி செய்திருக்கிறான். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அந்தக் கால இயந்திரப் படத்தைப் பற்றிக் கேட்டேன். உன் குரல் சொன்னது: "அனைவரும் குடும்பத்துடன் கண்டுகளிக்க வேண்டிய படம். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

திதி வீடு என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். தினேஷுக்குக் கிடைத்தது உன் சங்கத்து வாய்ஸ் மெசேஜ்கள் மட்டும்தான். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்திலேயே பிளாட் வாங்கி, லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கு நீதானே செயலாளர்? "அன்பான குடியிருப்போருக்கு வணக்கம், இன்று லாரி தாமதமாக வரும்" என்று தினமும் பேசுவாயே, அதையெல்லாம் மொத்தமாக உள்ளே போட்டுவிட்டான். இப்போது நீ செத்த பிறகும் சங்கச் செயலாளராகவே இருக்கிறாய்.

சிரித்தது அவ்வளவுதான். சிரித்து முடித்துப் பார்த்தால் உன் மகள் கீர்த்தனா அந்தப் போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். சில மாதமாகவே, காலையில் வேலப்பன்சாவடியில் காலேஜ் பஸ் ஏறுவதிலிருந்து அதோடுதான் பேச்சாம். சிநேகிதிகள் யாரும் வீட்டுக்கு வருவதில்லை. உன் மனைவி, கூடப் பிறக்காத என் தங்கச்சி வசந்தி, என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணா, உங்க போன்ல அவரு படத்தைத் திட்டி அனுப்பினது நெறைய இருக்காமே. அதையும் குடுங்க. இன்னும் அவரு மாதிரியே பேசும்னு தினேஷ் சொல்றான்."

"எதுக்கும்மா?"

"அவ அழாம இருக்காண்ணா. எனக்கு அது போதும்."

நான் என்ன சொல்வேன், சொல்லு. என்னிடம் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. "த்தூ, இது ஒரு படம், இவனுக்கு எவன்டா கேமரா குடுத்தான்" என்று பைக்கை ஓரம் கட்டிவிட்டு நீ கத்தியது, பின்னால் ஆரன் சத்தத்தோடு. கொடுத்தால் உன் கோபத்தைக்கூட அது பேசக் கற்றுக்கொள்ளும். யார் மேலும் கோபமே இல்லாமல் உன்னை மாதிரியே கத்தும். செத்தவன் திரும்பி வருகிற கதை எத்தனை பார்த்தோம், ஒன்றிலாவது போனவனேதான் வந்தானா? தினேஷிடம் முடியாது என்றேன். "நீங்க பேய்ப்படம் பாத்துப் பாத்துக் கெட்டுப்போயிட்டீங்க சார்" என்றான். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். வசந்தி நடுவில் வந்து நின்றாள்.

அதற்குப் பிறகுதான் போன ஞாயிறு. அந்தப் படத்துக்கு நான் தனியாகப் போகவில்லை, கீர்த்தனாவையும் அழைத்துக்கொண்டு அம்பத்தூர் போனேன். வரமாட்டேன் என்றவளைப் பிடிவாதமாகக் கிளப்பினேன். இன்டர்வெல்லில் சமோசாவை அவள் கையில் கொடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"பேய்க்கு இன்னா வேணும்?"

அவள் படத்தைப் பற்றிப் பேசவில்லை. "நானும் கேட்டேன் மாமா," என்றாள்.

"எதை?"

"போன்ல. உனக்கு என்னப்பா வேணும்னு கேட்டேன். எனக்கு எதுவும் தேவையில்லை, உங்களுக்கு வேறு ஏதேனும் உதவி வேண்டுமான்னு கேக்குது."

"அப்புறம்?"

"எங்கப்பா என்னிக்கு மாமா எதுவும் வேணாம்னு சொன்னாரு? ஆபீஸ்லேர்ந்து வந்ததும் டீ வேணும், ரிமோட் வேணும், அந்த ஃபேனைப் போடு, இந்தக் கதவைச் சாத்து, கீர்த்தி இங்க வா..." அதற்குமேல் அவளால் முடியவில்லை. சமோசாவைப் பிடித்தபடி கூட்டத்துக்கு நடுவில் நின்று அழுதாள். ஒரு வருஷமாக அழாதவள். "அதுக்கு ஒண்ணுமே வேணாம் மாமா. எனக்குத்தான் வேணும்."

நம் சட்டப்படி நாங்கள் அப்படியே கிளம்பியிருக்க வேண்டும். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டிக்கெட் எடுத்தாச்சில்ல, உள்ள வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள். கண் துடைக்கும்போது என்னிடம் கொடுத்த போனைத் திருப்பிக் கேட்கவே இல்லை. படம் விட்டதும் நான் வழக்கம்போலத் திட்ட ஆரம்பித்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? படம் சூப்பராம்! அந்த டமார் சத்தத்துக்குத் துள்ளுவதுதான் ஜாலியாம். "உங்களுக்கும் அப்பாவுக்கும் எதுதான் மாமா பிடிச்சிருக்கு? காசு குடுத்துத் திட்டறதுக்குன்னே போவீங்களா?" என்று என்னிடமே எகிறினாள். பார்க்கிங்கில் வண்டியெல்லாம் காலியாகிற வரைக்கும் இரண்டு பேரும் சண்டை போட்டோம். நீ போன பிறகு நான் மனசாரச் சண்டை போட்டது அன்றைக்குத்தான். உன் மகளுக்குச் சினிமா ரசனையே கிடையாது, நன்றாகத் தெரிந்துகொள்.

சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், உன் வாய்ஸ் மெசேஜில் ஒன்றைக்கூட அந்த மெஷினுக்குக் கொடுக்கமாட்டேன். வருகிற ஞாயிறு வீட்டுக்கு வந்து, வசந்தியையும் கீர்த்தனாவையும் உட்கார வைத்து, நீ கத்தியதை நீ கத்தியபடியே போட்டுக் காட்டப் போகிறேன். கெட்ட வார்த்தை வருகிற இடத்தில் வசந்தி காதைப் பொத்திக்கொள்ளட்டும். எல்லாம் ஒருநாள் தீர்ந்துபோகும், தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து போடுவேன். அழுகிறவர்கள் அழட்டும், நானும் அழுவேன்.

அடுத்த மாதம் வேற்றுக்கிரகவாசிப் படம் ஒன்று வருகிறதாம். போஸ்டரைப் பார்த்தாலே குப்பை என்று தெரிகிறது. இரண்டு டிக்கெட் எடுக்கிறேன். உன் கார்னர் சீட்டில் அவள்தான் உட்காருவாள். இன்டர்வெல்லில் கேள்வியை அவளே கேட்கட்டும்.

கோபம் இன்னும் ஆறாத,
உனக்கு மச்சான், உன் மகளுக்கு மாமன்,
சேகர்