மெட்ராஸில் இருப்பவள்

ஜூலை 9, செவ்வாய்

கோகிலாம்பாள் மேடத்திடம் இன்று நான் சொல்லாதது: நான் சென்னைக்குப் போகவே இல்லை.

நூலகத்தில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தேன். மேடம் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். "அர்ஷியாவா? மெட்ராஸுக்குப் படிக்கப் போயிட்டன்னு ஒங்க அண்ணன் சொன்னாரே. எப்ப வந்த?" நான் சிரித்தேன். சிரித்தால் அதையே பதிலாக வைத்துக்கொள்கிறார்கள். "திரும்பிப் போறப்ப புத்தகத்தக் குடுத்துட்டுப் போம்மா. போன வருசம் ஒருத்தி கல்யாணமாகிப் போறப்ப எங்க புத்தகம் ரெண்டையும் சீரோட சேத்துக் கொண்டு போயிட்டா" என்றார்.

இரண்டே நாளில் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார் அண்ணன் சகாபுதீன். சுறுசுறுப்பான ஆள்தான்.

நடந்ததை ஒருமுறை இங்கே எழுதி வைக்கிறேன். அம்மா பக்கவாதத்தில் கிடந்த ஆறு வருடமும் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு ஞாயிறுகூட விடுமுறை கிடையாது. அம்மாவுக்காக அதில் எனக்கு வருத்தம் இல்லை. மார்ச்சில் அம்மா போய்விட்டார். போன ஞாயிறு அண்ணன் தன் பிளாஸ்டிக் கடைக்கு வந்த லோடை அம்மாவின் வீட்டில் இறக்கினார். என் அறையில் இப்போது வாளிகள் குடியிருக்கின்றன. நான்? காரியாபட்டியில் அவருடைய மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். "அங்க போயி இரு. ஒனக்குத்தான் பழக்கமாச்சே. சாப்பாடு துணிமணிக்கு ஒரு கொறையும் இருக்காது."

மாட்டேன் என்றேன்.

"அப்ப எங்க போவ?"

பதில் வராது என்ற தைரியத்தில் கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டு செட் துணி, சர்டிபிகேட் ஃபைல், போன், நூலகப் புத்தகம்.

இரண்டு ராத்திரியாகத் தர்காவில், நோய் தீர வந்து தங்குபவர்களுக்கான பெண்கள் கூடத்தில் தங்குகிறேன். அங்கே இருக்கும் பெரியவர் "யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். நாலு நாள் இருக்கலாமாம்.

ஜூலை 10, புதன்

போன் சார்ஜ் போட: நூலகம். குளிக்க: தர்கா, கூட்டம் வருவதற்கு முன்னால். குடிக்கத் தண்ணீர்: பஸ் ஸ்டாண்டு. துவைத்த துணியைக் காயப்போட? அதற்கென்று ஊரில் ஒரு கொடிகூட இல்லை. வீட்டில் இருந்தவரை இதை யோசித்ததே இல்லை.

திருச்சுழி டவுன் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கருவேலங்காட்டுக் காற்றில் திருச்சுழி வருவதற்குள் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. மூன்று முறை போய் வந்தேன், மூன்று துணி.

கண்டக்டர் மூன்றாவது முறை முறைத்தார். "எங்கம்மா போகணும்?"

"திருச்சுழி."

"அங்கருந்துதான வாரோம்?"

"திரும்பவும் போகணும்."

பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "கவர்மெண்டு ஒன்னைய நெனச்சுத்தான் இதப் போட்டுருக்கு."

ஜூலை 11, வியாழன்

பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்ணின் குரல் நன்றாக இருந்தது, அவசரப்படுத்தவில்லை. அடித்தார்களா? இல்லை. கணவர் வீட்டில் பிரச்சினையா? கல்யாணமே ஆகவில்லை. உயிருக்கு ஆபத்தா? இல்லை. நான் சொன்ன ஒவ்வொரு இல்லைக்கும் என் கஷ்டம் சின்னதாகிக்கொண்டே போனது போல இருந்தது.

கடைசியில் அவரே கேட்டார்: "தங்க இடம் இல்லாதவங்களுக்கு வேற ஏற்பாடு இருக்கும்மா. விருதுநகர்ல மனு குடுக்கணும். வீடற்றவர்னு பதிஞ்சுக்கவா?"

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? எத்தனை நாவல்களில் வீடில்லாதவர்களுக்காக அழுதிருக்கிறேன். அந்தச் சொல்லை எனக்குப் போட வந்ததும் வாய் கூசிவிட்டது. வெட்கம் கெட்ட கூச்சம்.

ஜூலை 12, வெள்ளி

தர்காவில் கூட்டம். எங்கள் தெருப் பெண் ஒருத்தியைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நான் ஏன் ஒளியணும்? எவன் வீட்டு நகையைத் தூக்கிட்டு வந்தேன்?

ஜூலை 13, சனி

தர்காவில் நாலு நாள், தயவாகக் கூடுதலாகக் கொடுத்த இரண்டு நாள், எல்லாம் முடிந்தது. கழிப்பறைக்காகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பெண்கள் வார்டு வாசலில் சிஸ்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்: "கால்ல கட்டுப் போட்ட அம்மாவுக்குத் துணை யாரு? துணைக்குப் பொம்பள ஆளு வேணும். யாருமே இல்லையா?"

"நான்தான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் கட்டிலில் இருப்பது யார் என்று பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். இடது காலில் தொடைவரை மாவுக்கட்டு. நகக்கண்ணில் எல்லாம் கரி.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "நீ இவுகளுக்கு என்ன வேணும்?"

கட்டிலில் இருந்தவர் கண்ணைச் சிமிட்டாமல், "எந்தங்கச்சி மக" என்றார்.

சிஸ்டர் என் தலையில் இருந்த முக்காட்டைப் பார்த்தார், அந்த அம்மாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார்.

"என்ன பாக்குறீக? எந்தங்கச்சி பாய் வீட்டுல கட்டிக்கிட்டா. அதுக்கு எங்கய்யா பத்து வருசம் பேசாம இருந்தாரு. நீங்களும் ஆரம்பிக்காதீக."

துணையாள் அட்டை கிடைத்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரிக்க இடம், கழிப்பறை, மின்விசிறி. அவர் பேர் வெள்ளைத்தாய். திருச்சுழிப் பக்கம் கருவேல விறகை மூடி எரித்துக் கரிமூட்டம் போடும் கூட்டத்தில் வேலை. மூட்டை ஏற்றிய லாரியிலிருந்து விழுந்திருக்கிறார். சிஸ்டர் போனதும் என்னைக் கேட்டார்: "ஆமா, நீ யாரு?"

ஜூலை 15, திங்கள்

எல்லாவற்றையும் சொன்னேன். முன்பின் தெரியாதவரிடம் சொல்வது எளிதாக இருந்தது. கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார், கால் வலிக்க வலிக்க. "நீ மெட்ராஸ்ல இருக்கியாக்கும்! கடலு எப்படி இருக்கு?" அதிலிருந்து என் பேர் மெட்ராஸு. "மெட்ராஸு, தண்ணி எடு." "மெட்ராஸு, முதுகத் தடவி விடு." வார்டு முழுக்க அப்படியே கூப்பிடுகிறார்கள்.

இவரைத் திருப்பிப் படுக்கவைப்பதும் துடைத்துவிடுவதும் எனக்குக் கை பழகிய வேலை. அண்ணன் சொன்னது சரிதான், பழக்கம்தான். ஆனால் இது நானே கையைத் தூக்கி எடுத்துக்கொண்ட வேலை. இதற்குப் பதிலாக எனக்கு ஒரு கூரை கிடைத்திருக்கிறது. காரியாபட்டியிலும் கூரை கிடைத்திருக்கும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? யோசித்துப் பார்த்தேன். இங்கே முடிவு தேதி இருக்கிறது.

ஜூலை 18, வியாழன்

அண்ணன் போன் செய்தார். பதினோரு நாளாகப் பேசாதவர். எங்கே இருக்கிறாய் என்றுதான் கேட்பார் என்று எடுத்தேன்.

"அர்ஷியா, ஒரு சிக்கலாயிருச்சு. எதிர்வீட்டு முத்துலட்சுமி அக்கா ரெண்டு கிலோ நார்த்தங்கா ஊறுகா குடுத்துட்டுப் போயிட்டாக. மெட்ராஸ்ல அவுக மக கிருஷ்ணப்ரியாவுக்கு ஒன் மூலமா சேக்கணுமாம். நான் ஒன்னையப் பாக்க வரப்போறேன்னு வாய் தவறிச் சொல்லிப்புட்டேன்."

"சரி."

"என்ன சரி? அந்தப் புள்ளைக்கு நீ ஒரு போன் போட்டு, மெட்ராஸ்லதான் இருக்கேன், வந்து தாரேன்னு சொல்லிரு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சீக்கிரம் சொல்லிரும்மா" என்று வைத்துவிட்டார். அம்மாவாம். எங்கே சாப்பிடுகிறேன் என்று கேட்கவில்லை.

இப்போதுதான் புரிகிறது. அந்தப் பொய்யைச் சொன்னவர் அவர். பதினோரு நாளாகக் காவல் காத்தது நான். தூணுக்குப் பின்னால், பஸ் ஜன்னலுக்குப் பின்னால், சிரிப்புக்குப் பின்னால். நான் வாயைத் திறக்காத ஒவ்வொரு நாளும் அவருக்கு வசதி. இனிமே முடியாது.

ஜூலை 20, சனி

திங்கள் காலை வெள்ளைத்தாயை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். அன்றோடு என் கூரையும் போகிறது. ஒன்று வேறு இடம், இல்லையென்றால் காரியாபட்டி.

"எங்கூட வாரியா?" என்றார். "நரிக்குடிப் பக்கம் புதுசா மூட்டம் போடுறாக. எனக்கு மட்டும் வீடா இருக்கு? மூட்டம் எங்கயோ குச்சுக் குடிசை அங்க. ரெண்டே நாளுல மூஞ்சி கருத்துரும், ஒங்க அண்ணனே வந்தாலும் அடையாளம் தெரியாது."

வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவா? ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு, அடையாளம் தெரியாமல் இருப்பதில் எனக்கு இனி விருப்பமில்லை என்றேன்.

"அப்ப போயி வாயத் தொற, மெட்ராஸு. எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு ஆகும்?"

ஜூலை 21, ஞாயிறு

துணிகளைத் துவைத்துக் காயவைத்துவிட்டேன். நாளை விருதுநகர்.

ஜூலை 22, திங்கள்

வெள்ளைத்தாயை அவருடைய ஆட்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். துணையாள் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

குறைதீர்க்கும் நாள் என்பதால் கலெக்டர் ஆபீஸில் நல்ல கூட்டம். மனு எழுதித் தரும் மேசையில் தங்கச்செல்வி என்று பேர் அட்டை குத்திய பெண் இருந்தார்.

"முகவரி?"

"இல்லை."

"ஆதார்ல இருக்கிறதச் சொல்லுங்க."

"அந்த வீட்டுல இப்ப வாளி இருக்கு."

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப என்னன்னு எழுத?"

"வீடற்றவர்னு எழுதுங்க."

சொல்லிவிட்டேன். வாய் கூசவில்லை. தேவைக்கு மேல் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏ அர்ஷியா? நீ மெட்ராஸ்ல இல்ல இருக்க?"

முத்துலட்சுமி அக்கா. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுக்கப் பத்துப் பெண்கள் காலிக் குடத்தோடு நின்றிருந்தார்கள். எல்லாம் அண்ணன் கடைக் குடம்.

ஒரு சிரிப்பில் முடித்திருக்கலாம். இன்றைக்கு வந்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

"போகவே இல்லக்கா. ரெண்டு வாரமா நம்ம ஊர்லதான் இருக்கேன். தர்காவுல, திருச்சுழி பஸ்ஸுல, பெரியாஸ்பத்திரியில. எங்கம்மா வீட்டுல அண்ணன் சரக்கு இறக்கிட்டாரு. அவுக மாமியாரப் பாக்க மாட்டேன்னேன், மெட்ராஸ் போயிட்டேன்னு சொல்லிட்டாரு."

குடங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. முத்துலட்சுமி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் சிறுத்துப்போனது. அழப்போகிறார் என்று பயந்தேன்.

"அப்ப எம் மகளுக்குக் குடுத்துவிட்ட ஊறுகா?"

"அண்ணன் வீட்டுலதான் இருக்கும்."

"ரெண்டு கிலோ. வெயில்ல நானே காய வச்சுப் போட்டது. இருக்கட்டும், வச்சுக்கிறேன் அவர."

தங்கச்செல்வி குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டே, "இவங்களத் தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடணும்" என்றார்.

முத்துலட்சுமி அக்கா குடத்தைப் பக்கத்திலிருந்தவர் கையில் திணித்தார். "எங்க போடணும்? பொறந்ததுலருந்து தெரியும்."

ஆகஸ்ட் 25, ஞாயிறு

விருதுநகரில் பெண்கள் தங்குமிடம். ஆறாம் எண் கட்டில், ஒரு பூட்டுள்ள பெட்டி, மாடியில் துணி காயப்போட மூன்று கொடி. போன வாரம் முதல் ஜெராக்ஸ் கடை ஒன்றில் மனு டைப் செய்யும் வேலை. அம்மாவின் வீட்டில் என் பங்குக்காக இலவச சட்ட உதவியில் விண்ணப்பித்திருக்கிறேன், வியாழன் வரச்சொல்லியிருக்கிறார்கள். வாளிகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

கோகிலாம்பாள் மேடத்திடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, சென்னைக்குப் போகவே இல்லை என்பதையும் சொன்னேன். தாமதக் கட்டணம் போட்டார்.

மத்தியானம் முத்துலட்சுமி அக்கா போன். கடையில் ஆட்கள் இருக்கும்போதே போய் ஊறுகாயைத் திருப்பி வாங்கி வந்தாராம். காரியாபட்டியில் அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்துவிட்டார்களாம்.

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவாம்.