சுருக்கமில்லாத கல்

ஏனுங்க, என் அருமை மனுசரே,

நீங்கள் வழிமேல் விழிவைத்துக் காத்திருந்த சென்னைப் பேராசிரியர் போன வாரம் வந்தார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசி, வழி கேட்டு, போத்தனூர் வந்து சேர்ந்தார். நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்பது வாசலில்தான் அவருக்குத் தெரிந்தது. கல்லையாவது பார்க்கிறேன் என்றார். என்னத்தைக் காட்டுவேன்?

சமையல் மேடைக்கு வாங்கிய கடப்பைக் கல். தோல் சுருங்கினாற்போல் இருக்கிறது, திருப்பிக் கொடுங்கள் என்று சண்டை பிடித்தேன். நீங்களோ அதைக் குழாயடிச் சுவரில் சாய்த்துவைத்து, சாயங்கால வெயில் சாய்வாக விழும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவீர்கள். "ஆறின பால்ல ஆடை சுருங்குதில்ல அம்மணி, அதாட்டந்தான். பல கோடி வருசத்துக்கு முந்தி கண்ணுக்குத் தெரியாத உசுருக ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கடலோர மணல் மேல ஆடையாப் படிஞ்சு கெடந்துச்சு. எலும்பில்ல, ஓடில்ல. அதுக இருந்ததுக்கு இந்தச் சுருக்கந்தான் சாட்சி." உங்களோடு காலேஜில் ஜியாலஜி நடத்தியவர்களே வெறும் தண்ணீர்த் தடம் என்று சிரித்தார்கள். விவரம் தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்தால் போதும் என்பீர்கள்.

கல்லறைத் திருநாளன்று சாமியார் உங்கள் கல்லறையை மந்திரித்ததும் உங்கள் அண்ணன் அதன்மேல் மூடியிருந்த துணியை விலக்கினார். எனக்குச் சொல்லாமலே எல்லாம் செய்திருந்தார். நம் கல். அதில் உங்கள் பெயர். "தம்பி உசுரா வெச்சிருந்த கல்லாச்சே, அவனுக்கே ஆகட்டும்னு பாலிஷ் மிஷின் போடச் சொன்னேன். பாரு அம்மணி, ஒரு சுருக்கமில்லாம கண்ணாடியாட்டம் ஆக்கிப்போட்டேன்" என்றார். சொல்லும்போதே அழுதார்.

"நல்லாருக்குதுங்க மாமா" என்றேன்.

வந்த பேராசிரியரை அங்கேதான் கூட்டிப்போனேன். மண்டிபோட்டுத் தடவிப் பார்த்தார். "இதுல ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். பாலிஷ் போட்டதைச் சொன்னேன்; நம்பினாரா தெரியவில்லை. பாலிஷுக்கு முன்னே நீங்கள் ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்ன போட்டோவைக் கொடுத்தேன். உச்சி வெயிலில் எடுத்தது, சுருக்கத்தின் நிழல் விழாமல் அதிலும் ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் பார்த்தது நிஜம் என்று சொல்ல இனி நான் ஒருத்திதான். என் பேச்சை யார் எடுப்பார்கள்? பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழக்கூட வரவில்லை. காலையில் பால் ஆறி ஆடை படிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மாமா ஞாயிறு பூசை முடிந்ததும் காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டு அந்தக் கல்லைத் துடைக்கிறார். தன் முகம் அதில் தெரிகிறவரை விடுவதில்லை. அவர் பத்திரிகை தொடமாட்டார். அந்தத் தைரியத்தில்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். தேய்த்து அழித்தது என்னவென்று சாகும்வரை அவரிடம் சொல்லமாட்டேன். உங்கள்மேல் சத்தியம். வருகிற ஞாயிறும் பக்கத்தில் நின்று, நல்லாருக்குதுங்க மாமா என்பேன்.

உங்கள் வீட்டுக்காரி,
ரோசம்மாள்