படகு இருக்குமிடம்: ஸ்ரீரங்கம்

அப்பா,

ராத்திரி பத்து மணிக்குத் தலையணைக்கு அடியில் போன் அதிர்ந்தது. மூன்று குட்டி அதிர்வுகள். உங்கள் படகின் வானிலைச் செய்திக்கென்று நான் வைத்தவை. நான்கு மாதமாக அவை வரவே இல்லை.

போர்வைக்குள் திறந்து பார்த்தேன். 'படகு இருக்குமிடம்: ஸ்ரீரங்கம். தெற்கிலிருந்து மெல்லிய காற்று. மழை இல்லை.' அலை உயரம் என்ற வரி காலியாக இருந்தது. அந்நேரம் பார்த்துத் தெற்கு ஜன்னல் திரை மெதுவாக உள்ளே வந்து போனது. தெருவில் படகை நிறுத்திவிட்டு நீங்கள் வாசலில் நிற்பதாக நினைத்தேன். தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தூங்கும் அம்மாவை எழுப்பவில்லை. அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்களுக்கு எழுதுகிறேன்.

அம்மாவின் ஸ்கூல் வேலைக்காக நாங்கள் இங்கே, நீங்கள் நாகப்பட்டினத்தில். கடைசியாக வந்த வாரம், ஆழ்கடலில் டவர் கிடைக்காது, செயற்கைக்கோள் வழியாக வானிலை சொல்லும் சேவை வேண்டும் என்றீர்கள். இரண்டு கம்பெனிகள் ஒரு வாரம் சோதித்துப் பார்க்கத் தந்தன. ஆங்கிலப் படிவங்களை நான்தான் நிரப்பினேன்.

"மொதல்ல நம்ம மாடிக்குச் சரியாச் சொல்லுதான்னு பாப்போம் பாப்பா. அப்புறம் கடலுக்குக் கொண்டு போவோம்."

அதற்காக இரண்டிலும் இடத்தை ஸ்ரீரங்கம் என்று நிலையாகப் பதித்தேன். கொடியில் துண்டு கட்டிக் காற்றைப் பார்த்தோம். "கடலே இல்லாத ஊர்ல உக்காந்து கடலுக்கு ஜோசியம் பாக்குறாங்க, அப்பனும் மகளும்" என்று அம்மா சிரித்தாள்.

ஒரு மாலை இரண்டுமே மழை இல்லை என்றன. கொள்ளிடம் பக்கம் கறுத்தது. ஒன்று சும்மா இருந்தது. மற்றது, 'முன்பு சொன்னது தவறு, மழை வரும்' என்று அனுப்பியது. துண்டு நனைவதற்குள் நீங்கள் முடிவெடுத்துவிட்டீர்கள்.

"தப்பாச் சொல்லிட்டு ஒடனே திருத்துது பாரு. இதத்தான் நம்பலாம்."

அந்தக் கம்பெனியின் பெட்டியைப் படகில் பொருத்திவிட்டு, துறைமுகத்திலிருந்து கடைசியாகப் பேசினீர்கள். "ஒன் பெட்டி அலையே காட்டல பாப்பா. கடல் தூங்குது போல." நானும் சிரித்தேன். மூன்றாம் நாள் புயலில் மாட்டிப் படகு கரை சேர்ந்தது. மற்றவர்கள் வந்தார்கள். உங்களை மட்டும் அலை கொண்டுபோய்விட்டது.

அந்த மூன்று நாளும் பெட்டிக்குப் போன செய்தியின் நகல் எனக்கும் வந்தது. ஊர்ப் பெயர் நகலில்தான் இருக்கும், பெட்டியில் வராது. பரீட்சை என்று நான் திறக்கவில்லை. பிறகு திறக்கப் பயமாக இருந்தது.

இன்று சாயங்காலம் சித்தப்பா போன் செய்தார். "ஒங்கப்பா படகு ரெடி பாப்பா. விடியக்காலைல கெளம்புறோம். ஒன் பெட்டியப் போட்டாச்சு, இனி என்ன பயம்?"

இப்போது புரிகிறது. வாசலில் நீங்கள் இல்லை. இடத்தை நான் மாற்றவே இல்லை. நடுக்கடலில் உங்களுக்கு வந்தது நம் மாடியின் வானிலை. துண்டை ஆட்டிய காற்று.

அம்மாவிடம் சொன்னால் இனி என்னை எப்படிப் பார்ப்பாள்? சொல்லாவிட்டால் சித்தப்பாவும் அந்தக் காலி வரியை நம்பிப் போவார்.

போன் மறுபடி அதிர்கிறது. படகு இங்கேதான் இருக்கிறதாம். திரை உள்ளே வருகிறது.

உடனே திருத்துவதைத்தான் நம்பலாம் என்றீர்கள். நான்கு மாதம் பிந்திவிட்டேன் அப்பா. அந்தச் சொல் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அம்மாவின் தோளைத் தொடப் போகிறேன்.